உள்ளே விட்டவர்

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், படகு இன்ஜின் உதிரிபாகம் விற்கிற ஒரு கடையின் மாடியில் அவருடைய ஆபீஸ் இருந்தது. இரண்டு அறை, ஆறு பேர், ஒரு பூனை. ஒருநாள் அந்தப் பூனை கீழே இறங்கி, கடைக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பொரித்த மீனைத் தின்றுவிட்டது. அன்றைக்கு அவர் தன்னுடைய டிபன் பாக்ஸைக் கொண்டுபோய்க் கடைக்காரர் முன்னால் வைத்தார். மறுநாளும் வைத்தார்.

"ஏலே, பூனை தின்னதுக்கு நீ எதுக்குடே பட்டினி கெடக்க?" என்று கேட்டாராம் கடைக்காரர்.

"அதை மாடிக்குள்ள விட்டது நாந்தான அண்ணாச்சி."

"அப்பம் எலி வந்தாலும் நீதான் பொறுப்பா?"

"எலி என்னைக் கேட்டுட்டா வருது?"

அந்த ஆபீஸில் வேலை பார்த்த என் மகள் ஷீபா இதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவரைப் பற்றி நான் முதன்முதலில் கேள்விப்பட்டது இதுதான். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் அந்தப் பெயரோடு ஒரு பழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று மட்டும் சொல்ல முடியும்.

முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில். ஆபீஸில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு எங்கே போனாலும் எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் உள்ளே நுழைவார். எங்கள் வீட்டுக்கு ஆபீஸ் ஆட்களோடு சாப்பிட வந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். யாரோ ஒரு பையன் செருப்போடு முன்னறைக்குள் வந்துவிட்டான். அவன் போன பிறகு அவர் குனிந்து தன் கைக்குட்டையால் அந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

"விடுங்க தம்பி, வேலைக்காரம்மா துடைச்சிருவா" என்றேன்.

"நான் கூட்டிட்டு வந்த ஆளு டீச்சர்."

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. ஷீபா ஒருத்திதான் எனக்கு. அவள் ஆபீஸ் போய்ச் சேர்ந்தாளா என்று ஒரு போன், சாப்பிட்டாளா என்று ஒரு போன், கிளம்பிவிட்டாளா என்று ஒரு போன், இப்படி ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிடுகிறவள் நான். அவள் வேலை பார்க்கிற இடத்தில் என்னதான் செய்கிறார்கள் என்று அன்றைக்கு அவரிடமே கேட்டேன்.

சங்கு குளிக்கிறவர்களுக்காக ஒரு பெட்டி செய்கிறோம் என்றார். இங்கே முத்துக் குளிப்பது நின்றுபோய் ரொம்ப காலம் ஆகிவிட்டது, சங்குதான். படகில் ஒரு கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீளமான ஹோஸ் வழியாகக் கடலடியில் இருக்கிறவனுக்குக் காற்று போகும். காற்று குறைந்தால் மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும். அதற்கு ஒருவன் கம்ப்ரசரில் இருக்கிற அழுத்த மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் கண் அசந்தால் கீழே இருப்பவன் கதி அவ்வளவுதான். அந்தப் பெட்டி முள்ளைப் பார்த்துக்கொள்ளும். குறைந்தால் மணி அடிக்கும்.

"அதுல ஷீபா செய்யுறது என்ன?"

பென்சிலை எடுத்து, செய்தித்தாள் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டார். அதற்குள் அடியில் இன்னொரு கட்டம்.

"கம்ப்யூட்டர்ல எத்தனையோ ப்ரோகிராம் ஓடும் டீச்சர். ஒண்ணு தப்பு பண்ணுனா அது மட்டும் விழும், மத்ததெல்லாம் பாட்டுக்கு ஓடும். எல்லாத்துக்கும் அடியில இங்கன ஒண்ணு இருக்கு, கெர்னல்னு. மெமரி, பேட்டரி, மணி எல்லாம் அது கையில. அங்கன தப்பு நடந்தா பெட்டியே படுத்துரும். அதனால அதுக்குள்ள வெளியாளு எழுதுனதை யாரும் விடமாட்டாங்க."

"அண்ணாச்சி விட்டிருக்காங்கம்மா" என்றாள் ஷீபா. "கெர்னலுக்குள்ள ஒரு இண்டர்ப்ரிட்டரையே கொண்டு வச்சிட்டாங்க. நாங்க சின்னதா ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டா, அது உள்ள இருந்துகிட்டே ஒவ்வொரு வரியா படிச்சு நடத்தும். இன்டர்நெட்ல போட்டதுக்கு எல்லாரும் பைத்தியமான்னு கேட்டாங்க."

"எதுக்குத் தம்பி அப்படி?"

அவர் மிக்கேலைப் பற்றிச் சொன்னார். சங்கு குளிக்கிறவன். முதல் பெட்டியை அவன் படகில்தான் வைத்தார்களாம். ஒரே வாரத்தில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டான்.

"அண்ணாச்சி, உங்க பெட்டியும் என் பொண்டாட்டியும் ஒண்ணு. நான் பாட்டுக்கு இருக்கும்போதே கத்துது."

"காத்து குறைஞ்சா கத்தத்தான செய்யும் மிக்கேலு?"

"குறையலை. என் கம்ப்ரசர் அப்பப்ப இருமும். இருமிட்டுச் சரியாயிரும். பக்கத்துப் படகுக்காரன் கம்ப்ரசர் இருமாது, ஒரேயடியா நிக்கும். ரெண்டுக்கும் ஒரே சட்டம் போட்டா எப்படி?"

அந்தக் கேள்விதான் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு படகுக்கும் அதனதன் சட்டம் வேண்டும். படகுக்காரன் சொன்னதும் அரை மணி நேரத்தில் அதை மாற்றவும் முடிய வேண்டும். வெளியே ஓடுகிற ப்ரோகிராமில் எழுதினால், வேறு வேலை குறுக்கே வந்து மணி தாமதமாகலாம். கடலடியில் இருப்பவனுக்கு ஒரு மூச்சு தாமதமும் அதிகம். அதனால் சட்டத்தைச் சின்ன ஸ்கிரிப்டாக எழுதிக் கெர்னலுக்குள்ளேயே விட்டார். விட்டவர் அதன் கையையும் காலையும் கட்டித்தான் விட்டார். இத்தனை படிக்குள் வேலையை முடிக்கவில்லையென்றால் கெர்னலே அதை நிறுத்திவிடும். இவ்வளவு மெமரிக்கு மேல் தொட முடியாது. புள்ளி வைத்த எண்ணே கிடையாது, முழு எண் மட்டும். உள்ளே புள்ளிக் கணக்குப் போட்டால், வெளியே பாதியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற ப்ரோகிராமின் எண்கள் கலைந்துவிடுமாம்.

"இவ்வளவும் பண்ணி, அப்புறமும் தப்பாப் போச்சுன்னா?" என்று கேட்டேன். எனக்கு எதிலும் முதலில் தோன்றுகிற கேள்வி அது.

"உள்ள விட்டவன் நான் இருக்கேன்லா டீச்சர்" என்றார். ஏதோ கதவுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கிறது என்பதுபோல, சாதாரணமாகச் சொன்னார்.

அவர்கள் ஆபீஸில் ஒரு நோட்டு இருந்தது. எந்தப் படகு, எந்தத் தேதி, எந்த ஸ்கிரிப்ட் என்று எழுதி, கடைசியில் 'உள்ளே விட்டவர்' என்று ஒரு கட்டம். அதில் எல்லாப் பக்கத்திலும் அவர் கையெழுத்து மட்டும்தான். எழுதியவர் யார் என்று ஒரு கட்டம் போடச்சொல்லி ஷீபா சண்டை பிடித்திருக்கிறாள். நன்றாக எழுதினால் தன் பெயர் தெரியவேண்டும் என்கிற ஆசை, சின்ன வயதுதானே. அவர் சம்மதிக்கவில்லை. "பேரு போட்டா எழுதுறவன் கை நடுங்கும் ஷீபா. நடுங்குனா ஒண்ணுக்கு ரெண்டு தப்பு வரும்" என்றாராம். ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் பெட்டியில் ஏற்றுமுன் திரையில் விரல் வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல வாய்விட்டுப் படிப்பார். பிறகுதான் கையெழுத்து.

மிக்கேல் புதுக் கம்ப்ரசர் வாங்கியபோது அவன் படகுக்குப் புது ஸ்கிரிப்ட் வேண்டியிருந்தது. எழுதியவள் ஷீபா. அவளுக்கு நிச்சயம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. குளிக்கத் தொடங்கும்போது இருந்த காற்றில் நாலில் ஒரு பங்கு குறைந்ததும் மணி அடிக்க வேண்டும். மொத்தம் ஆறே வரி. தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தாள், சரியாக வந்தது. அவர் விரல் வைத்துப் படித்தார், பெட்டியில் ஏற்றினார். கீழே கடை வாசலில் மிக்கேலின் கம்ப்ரசரோடு இணைத்து, வால்வைத் திறந்து காற்றையெல்லாம் வெளியே விட்டார்கள். மணி அடித்தது. மிக்கேல் காதைப் பொத்திக்கொண்டு, "இவ எங்க ரீத்தாவையே தோக்கடிச்சிருவா" என்றானாம். ரீத்தா அவன் மனைவி.

அடுத்த வாரம் கடலில் ஹோஸ் எங்கேயோ உரசிக் கசிந்தது. காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முன்பானால் ஒருவன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பான். பெட்டி வந்த பிறகு அவன் மணியை நம்பி வேறு வேலைக்குப் போயிருந்தான். காற்று முழுவதும் தீர்ந்த பிறகுதான் மணி அடித்தது. தூக்கிக் கரை சேர்ப்பதற்குள் மிக்கேல் இறந்துவிட்டான். மூன்று பிள்ளைகள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் கோயிலிலிருந்து வந்து சேலைகூட மாற்றவில்லை, அவர் வந்தார். ஷீபா மாப்பிள்ளை வீட்டாரோடு திருநெல்வேலி போயிருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒரு தாளை மேசையில் விரித்தார்.

"நீங்க கணக்கு டீச்சர். இதைப் பாருங்க."

அதில் இரண்டு வரி இருந்தது. ஒன்று: குறைந்த காற்றை, முதலில் இருந்த காற்றால் வகுத்து, நூறால் பெருக்கு. இன்னொன்று: குறைந்த காற்றை நூறால் பெருக்கி, முதலில் இருந்த காற்றால் வகு.

"ரெண்டும் ஒண்ணுதானே தம்பி" என்றேன். இருபத்தாறு வருடமாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

"வெளிய ஒண்ணுதான். கெர்னலுக்குள்ள முழு எண் மட்டும்தான டீச்சர். எட்டுல ரெண்டு குறைஞ்சிருக்குன்னு வைங்க. ரெண்டை எட்டால வகுத்தா?"

"கால்."

"கால்னு ஒரு எண்ணே அங்கன கிடையாது. பூச்சியம். பூச்சியத்தை நூறால பெருக்குனாலும் பூச்சியம். முதல்ல பெருக்கி, அப்புறம் வகுத்திருந்தா இருபத்தஞ்சுன்னு வந்திருக்கும், மணி அடிச்சிருக்கும்."

"கடை வாசல்ல அடிச்சுதுன்னாளே."

"எல்லாக் காத்தையும் விட்டோம்லா. எட்டை எட்டால வகுத்தா ஒண்ணு. அது முழு எண்ணு, அடிச்சிருச்சு." முதல் வரி மேல் விரலை வைத்தார். "என் விரல் இந்த வரி மேல போச்சு டீச்சர். நிக்கல."

யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

"போலீசுக்கும் ஊருக்கும் நான் சொல்லுறதைச் சொல்லிக்கிடுவேன். அது என் வேலை" என்றார். "ஆனா ஷீபாகிட்ட மட்டும் இதைக் காட்டணும். பழி போட இல்ல. தெரியலைன்னா இதே வரியை இன்னொரு இடத்துல எழுதுவா. நீங்க பக்கத்துல இருக்கும்போது சொல்லணும்னுதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்."

அடுத்த மாதம் கல்யாணம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, அவ தாங்கமாட்டா. ஒரு உயிரு போயிருக்குன்னு தெரிஞ்சா அவ எனக்கு இல்லாமப் போயிருவா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன், சொல்லிராதீங்க."

"பிறகு தெரிஞ்சா இன்னும் கஷ்டம் டீச்சர்."

"தெரிய வேண்டாம். எப்பவும் தெரிய வேண்டாம்."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரி டீச்சர். கல்யாணத்துக்கு வரலைன்னு தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விசாரித்தவர்களிடம் அவர் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்: அதைக் கெர்னலுக்குள் விட்டது நான். நோட்டிலும் அவர் கையெழுத்துதான் இருந்தது. ஷீபா அவரிடம், "என் ஸ்கிரிப்டா அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறாள். "உன் கணக்கு சரிதாம்மா. அதை எடுத்து நடத்துனது என் இண்டர்ப்ரிட்டர். அது பண்ணுன தப்பு" என்றாராம். கடற்கரையில் ஒருவர் அவர் சட்டையைப் பிடித்து அறைந்ததாகவும் கேள்விப்பட்டேன். ஆபீஸ் மூடிவிட்டார்கள். அவர் ஆறுமுகநேரிப் பக்கம் ஓர் உப்பளத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலைக்குப் போய்விட்டார்.

ஷீபா கல்யாணமாகி பெங்களூர் போனாள். பெரிய வேலை, பேர் சொல்லும்படி வந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் மிக்கேல் கதையைச் சொல்வாள். "எல்லாரும் வேண்டாம்னுதான் சொன்னாங்க. கெர்னலுக்குள்ள கொண்டுபோய் இண்டர்ப்ரிட்டரை வச்சாரு அந்த ஆளு. அவரு பிடிவாதத்துக்கு ஒரு உயிரு போச்சு." அண்ணாச்சி என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அந்த ஆளு என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஏரல் சந்தையில் ஒருநாள் அவரைப் பார்த்தேன். வாழைத்தார்க் கடைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கையைப் பாதி தூக்கினார். என்னோடு ஷீபாவின் மாமியார் இருந்தார். இவர் ஏதாவது பேச, மாமியார் ஏதாவது கேட்க, என்று ஒரு நொடியில் என்னென்னவோ தோன்றியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆறேழு மாதம் கழித்துத் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை நான் தனியாகத்தான் இருந்தேன். பேசவேண்டும் என்றும் நினைத்தேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டு, சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபத்தினால் அல்ல. நான் முகம் திருப்பவேண்டிய சிரமம் எனக்கு வேண்டாம் என்று அவரே திருப்பிக்கொண்டார். நான் இறங்குகிற வரைக்கும் அவர் கழுத்து அப்படியே இருந்தது.

போன மாதம் அவர் இறந்துபோனார். மாரடைப்பு. உதிரிபாகக் கடைக்காரர்தான் என்னை வழியில் பார்த்துச் சொன்னார். "சவத்துக்குப் பொறத்தால பத்துப் பேரு இல்ல டீச்சர். அந்தப் பூனை இன்னும் மாடியிலதான் கெடக்கு" என்றார். நானும் அந்தப் பத்துப் பேரில் இல்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஷீபா லீவுக்கு வந்திருந்தாள். சாவுச் செய்தியைச் சொன்னேன். "ஓ" என்றாள். "பாவம்தான். ஆனா அவரு செஞ்சதுக்கு..." என்று தொடங்கினாள். அந்த வாக்கியத்தை அவள் முடிக்க நான் விடவில்லை. தாளில் இருந்த இரண்டு வரியையும், நான் அவர் கையைப் பிடித்ததையும் சொல்லிவிட்டேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அந்த ஆறு வரியை நான் அப்புறம் தொறந்தே பாக்கலம்மா" என்றாள். "அவரு சொன்னதை நம்புறது சுகமா இருந்துச்சு." பிறகு, "எங்கிட்ட சொல்லணும்னு அவருக்குத் தோணுச்சு. எங்கம்மாவுக்குத் தோணலை" என்றாள்.

இரண்டு நாள் லேப்டாப்பைத் திறந்துவைத்து, தான் இதுவரை எழுதியதில் வகுத்தல் வருகிற இடங்களையெல்லாம் பார்த்தாள். ஓர் இடத்தில் இருந்தது. மீன் வைக்கிற குளிர்பதனக் கிடங்குக்கான பெட்டி, யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. அதைத் திருத்தி அனுப்பிவிட்டு, "ரீத்தாக்கா வீடு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அங்க போயி என்னத்த சொல்லப்போற? வேண்டாம்மா. அவங்க ஆளுங்க சும்மா விடுவாங்களா? பிள்ளையை வச்சிருக்க நீ."

"உங்களைக் கூப்பிடல. வீட்டைக் காட்டுங்க போதும்."

நானும் போனேன். ரீத்தா இறால் கம்பெனி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையிலிருந்து அந்த வாடை இன்னும் போகவில்லை. ஷீபா உட்காரவில்லை. "அந்தப் பெட்டிக்குள்ள இருந்த கணக்கை எழுதுனது நான்தாங்கக்கா. தப்பு என்னுது. அவரு அதை வெளிய சொல்லல. எனக்கே இப்பதான் தெரியும், அம்மாவுக்கு அப்பவே தெரியும்" என்றாள். நான் அவளுக்கு அரையடி முன்னால் நகர்ந்து நின்றேன். யாராவது கை ஓங்கினால் என் மேல் படட்டும் என்றுதான்.

ரீத்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடிக்கவில்லை, அழவும் இல்லை.

"மாசம் ஒருக்க வருவாரு" என்றாள். "நாலு வருசமும் தவறல. நீ இப்பம் நிக்கியே, அந்த எடத்துலதான் நிப்பாரு. 'அதை உள்ள விட்டது நாந்தாம்மா'ம்பாரு. வேற ஒரு வார்த்தை வராது. நான் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிருவாரு. வேகாத வெயில்ல பஸ்சைப் பிடிச்சு வாரவரு."

அவள் என் பக்கம் திரும்பினாள். ஷீபாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தே சொன்னாள்.

"நீங்க முன்னமே வந்து சொல்லியிருந்தா, அந்த மனுசனுக்கு ஒரு வாய் தண்ணியாவது குடுத்திருப்பேன்."

பிறகு உள்ளே போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தாள். ஷீபா எடுத்துக் குடித்தாள். என்னால் முடியவில்லை.